பிஎஸ்4-லிருந்து பிஎஸ்5: கூடுதல் பிக்சல் மட்டும்தானா?

வாசகர் கேள்வி | 2025 ஜனவரி 11

சோனியின் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) ஸ்லிம் கேம் கன்சோல் வைத்திருக்கிறேன். அலமாரி நிறைய டிஸ்க். டிவி சாதாரண 1080பி. 4கே டிவி இல்லாதவனுக்கு பிஎஸ்5 எதற்கு? படம் கொஞ்சம் கூர்மையாகும், லோடிங் குறையும், அவ்வளவுதானே? பழைய கேமெல்லாம் அப்படியே தானே ஓடப்போகிறது?

ஜனவரி 11, இரவு

டிவியை ஒதுக்கி வைத்துவிடுங்கள். பெரிய வித்தியாசம் படத்தின் கூர்மையில் இல்லை, பிராசசரில் இருக்கிறது.

2013-இல் வந்த பிஎஸ்4-க்குள் இருப்பது சிப் நிறுவனமான ஏஎம்டியின் ஜாகுவார் பிராசசர்: 8 கோர் (கணக்கிடும் பகுதி), 1.6 கிகாஹெர்ட்ஸ். மின்சாரம் குறைவாக எடுக்கும் சிறு லேப்டாப்புகளுக்காக உருவான கோர் அது. வெளிவந்த நாளிலேயே வேகம் குறைவு. கிராஃபிக்ஸ் பகுதி 1.84 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு 1.84 லட்சம் கோடி கணக்கு), அன்றைக்கு நல்ல அளவு. பிஎஸ்5-இல் ஏஎம்டியின் ஜென் 2: 8 கோர், 16 திரெட், 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை. கிராஃபிக்ஸ் 10.28 டெராஃப்ளாப்ஸ். நினைவகம் 8 ஜிபியிலிருந்து 16 ஜிபி. அதன் வேகம் நொடிக்கு 176 ஜிபியிலிருந்து 448 ஜிபி.

பிஎஸ்4 காலத்துத் திறந்த உலக கேம்கள் நொடிக்கு 30 ஃப்ரேமிலேயே (திரையில் மாறும் படங்களின் எண்ணிக்கை) நின்றதற்குப் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் காரணமில்லை. கூட்டத்தில் நடப்பவர்கள், இயற்பியல் கணக்கு, எதிரிகள் யோசிப்பது எல்லாம் பிராசசரின் தலையில் விழும் வேலை. ரெசல்யூஷனை (படத்தின் பிக்சல் எண்ணிக்கையை) குறைத்தாலும் அந்தச் சுமை குறையாது. பிஎஸ்4 ப்ரோவைப் பாருங்கள்: கிராஃபிக்ஸ் 4.2 டெராஃப்ளாப்ஸ், ஆனால் பிராசசர் அதே ஜாகுவார், 2.13 கிகாஹெர்ட்ஸ் மட்டும். அதனால்தான் ப்ரோவில் படம் 4கே பக்கம் போனது, 30 ஃப்ரேம் 30-ஆகவே இருந்தது.

பிஎஸ்5-இல் 60 ஃப்ரேம் என்பது 1080பி டிவியிலும் 60 ஃப்ரேம்தான். ஒரு பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் அசைவதற்கும் உள்ள இடைவெளி குறைவதை உணர 4கே பேனல் தேவையில்லை. அதோடு, உள்ளே பெரிதாக வரைந்த படத்தைக் கன்சோல் 1080-க்குச் சுருக்கி அனுப்பும்போது ஓரங்களின் பல்வரிசை அடங்கிவிடும். புல், கம்பி வேலி, தலைமுடி மூன்றிலும் இது தெளிவாகத் தெரியும்.

ஜனவரி 12

லோடிங் பற்றி "அவ்வளவுதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். அது காத்திருக்கும் நேரம் மட்டுமல்ல, கேமை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதையே மாற்றிய விஷயம்.

பிஎஸ்4-இன் 5400 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்கிலிருந்து நொடிக்கு 50 முதல் 100 எம்பி வரை படிக்கலாம், அதுவும் தரவு வரிசையாக இருந்தால். சிதறிக் கிடந்தால் படிக்கும் முனை இங்கும் அங்கும் நகர்வதிலேயே நேரம் போய்விடும். அதைத் தவிர்க்க ஒரே பொருளின் தரவைப் பல இடங்களில் நகலெடுத்து வைப்பார்கள். பிஎஸ்5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச் உரையில் ஸ்பைடர்மேன் கேமை வைத்து இதை விளக்கினார்: சில தரவுகள் ஹார்டு டிஸ்கில் 400 முறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தன. லிஃப்டில் நீண்ட பயணம், குறுகிய பாறை இடுக்கில் மெதுவாக நுழைவது போன்ற காட்சிகளில் பலவும் அடுத்த பகுதியை ஏற்றுவதற்காக வைத்தவை.

பிஎஸ்5-இன் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும். சுருக்கிய தரவைப் பிரிக்கத் தனி வன்பொருள் இருப்பதால் கேமுக்குக் கிடைப்பது 8-9 ஜிபி. முனை நகரும் வேலையே கிடையாது, நகல்களும் தேவையில்லை. ராட்செட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட் கேமில் ஓர் உலகத்திலிருந்து இன்னொன்றுக்கு நொடியில் குதிப்பது இதனால்தான் முடிகிறது.

ஒரு குறை இருக்கிறது. முதல் பிஎஸ்5-இல் 825 ஜிபி என்று எழுதியிருக்கும், பயன்படுத்தக் கிடைப்பது 667 ஜிபி. 2023 இறுதியில் வந்த மெல்லிய மாடலில் 1 டிபி. 100 ஜிபி அளவில் நான்கைந்து கேம் போட்டால் பழைய மாடல் நிரம்பத் தொடங்கிவிடும்.

ஜனவரி 12, சற்று நேரம் கழித்து

அலமாரி நிறைய டிஸ்க் என்றீர்களே, அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது: டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடலை எடுத்தால் அந்த டிஸ்குகளில் ஒன்றுகூட ஓடாது. டிஸ்கைக் காட்டி டிஜிட்டல் பிரதியாக மாற்றிக்கொள்ளும் வழியும் இல்லை. மெல்லிய மாடலுக்கும் பிஎஸ்5 ப்ரோவுக்கும் டிரைவைப் பிறகு தனியாக வாங்கி மாட்டலாம். மாட்டியதும் ஒருமுறை இணையத்தில் பதிவாக வேண்டும். அந்தப் பதிவு முடியும்வரை டிரைவ் வேலை செய்யாது.

பிஎஸ்4 டிஸ்கை வைத்து பிஎஸ்5 பதிப்புக்கு மாறினாலும், விளையாடும் ஒவ்வொரு முறையும் அந்த பிஎஸ்4 டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். டிஸ்கை விற்றுவிட்டால் மாற்றிய பதிப்பும் போய்விடும்.

ஜனவரி 14

பழைய கேம்கள் "அப்படியே" ஓடுமா என்பதற்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் இல்லை. நான்கு வகை இருக்கிறது.

முதல் வகை, ஃப்ரேம் எண்ணிக்கையைக் கட்டிப்போடாத கேம்கள். இன்ஃபேமஸ்: செகண்ட் சன் போன்றவை. பிஎஸ்4-இல் 30-க்கும் 60-க்கும் நடுவே தடுமாறியவை பிஎஸ்5-இல் பேட்ச் (பின்னால் வரும் திருத்த அப்டேட்) எதுவும் இல்லாமலே 60-இல் நிற்கும்.

இரண்டாவது, பிஎஸ்5-க்கென்று சின்ன பேட்ச் கிடைத்தவை. 2018-இன் காட் ஆஃப் வார், டேஸ் கான், கோஸ்ட் ஆஃப் சுஷிமா, லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2. இவை பிஎஸ்4 கேம்களாகவே ஓடுகின்றன, ஆனால் 60 ஃப்ரேமில். கூடுதலாக எதுவும் வாங்க வேண்டியதில்லை, அப்டேட் செய்தால் போதும்.

மூன்றாவது, 30-இல் பூட்டியவை. பிளட்போர்ன் இதற்குப் பெயர்போன உதாரணம். லோடிங் குறையும், ஃப்ரேம் விழுவது நிற்கும், 30 மட்டும் 30-ஆகவே இருக்கும். கன்சோலுக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் கேமுக்குள் எழுதிய பூட்டை அது திறக்காது. அசைவின் வேகமும் எதிரிகளின் நேரக் கணக்கும் ஃப்ரேமோடு பிணைந்திருந்தால், வெளியிலிருந்து திறந்தால் கேமே கெட்டுவிடும்.

நான்காவது ஒரு வினோதமான சிறு வகை. தி லாஸ்ட் கார்டியன் டிஸ்கில் இருக்கும் பேட்ச் இல்லாத 1.00 பதிப்பில் ஃப்ரேம் பூட்டு இல்லை. பின்னால் வந்த பேட்ச்தான் பூட்டியது. அதனால் டிஸ்க் வைத்திருப்பவர்கள் பிஎஸ்5-இல் அதை 60-இல் ஆடலாம். செய்முறை: கேம் ஏற்கெனவே இருந்தால் அழியுங்கள், செட்டிங்ஸில் இணையத்தைத் துண்டியுங்கள், டிஸ்கைப் போட்டு நிறுவுங்கள், இணையம் இல்லாமலே தொடங்குங்கள். இணையத்தை மீண்டும் இணைத்ததும் தானாக அப்டேட் ஆகிவிடக்கூடும் என்பதால் தானியங்கி அப்டேட்டை முதலிலேயே அணைத்து வையுங்கள். பேட்ச் போட்ட பதிப்பில் சேமித்த ஆட்டத்தைப் பழைய பதிப்பு ஏற்கும் என்று நம்பி இறங்காதீர்கள், புதிதாகத் தொடங்குவதே நல்லது. டிஜிட்டல் பிரதியில் இது நடக்காது, அங்கே எப்போதும் கடைசிப் பதிப்புதான் இறங்கும்.

ஓடவே ஓடாத பிஎஸ்4 கேம்கள் மிகக் குறைவு. 4,000-க்கும் மேற்பட்ட கேம்களில், பிஎஸ்5 வெளியானபோது சோனி கொடுத்த பட்டியலில் 10 பெயர்தான் இருந்தது. ஷேடோ காம்ப்ளெக்ஸ் ரீமாஸ்டர்டு, ஹிட்மேன் கோ போன்றவை. பிஎஸ்3 டிஸ்குகள் பிஎஸ்4-இலும் ஓடாது, பிஎஸ்5-இலும் ஓடாது.

ஜனவரி 15

"இரண்டு பதிப்பும் இருந்தால் பிஎஸ்5 பதிப்பையே போட வேண்டியதுதானே?" என்று ஒரு கேள்வி. நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் ஆம். எல்டன் ரிங் விதிவிலக்கு. அதன் பிஎஸ்5 பதிப்பு ஃப்ரேம் ரேட் மோடிலேயே 60-க்குக் கீழே அடிக்கடி இறங்கும். பிஎஸ்4 பதிப்பை பிஎஸ்5-இல் நிறுவினால் அது பிஎஸ்4 ப்ரோவுக்கான எளிய காட்சியமைப்பில் ஓடும், 60-ஐ ஏறக்குறைய விடாமல் பிடித்துக்கொள்ளும். புல்லின் அடர்த்தி குறைவு, நிழல் சுமார். வாள் வீச்சை நேரம் பார்த்துத் தவிர்க்க வேண்டிய கேமில் நான் சீரான அசைவையே தேர்ந்தெடுப்பேன். விஆர்ஆர் (ஃப்ரேம் எண்ணிக்கைக்கு ஏற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) உள்ள டிவி இருந்தால் இந்தச் சிக்கல் ஓரளவு குறையும். அப்போது பிஎஸ்5 பதிப்பு போதும்.

எந்தப் பதிப்பு நிறுவப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பழைய யூஎஸ்பி டிரைவை பிஎஸ்5-இல் செருகியிருந்தால், கேமைத் திறக்கும்போது அதிலிருக்கும் பிஎஸ்4 பதிப்பே தொடங்கக்கூடும். தெரியாமல் மாதக்கணக்கில் அதையே ஆடுபவர்கள் இருக்கிறார்கள். ப்ளே பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஜனவரி 17

சேவ், அதாவது சேமித்த ஆட்டத்தை, பிஎஸ்5-க்கு மாற்றுவது. இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

மூன்று வழி. பிஎஸ் பிளஸ் (சோனியின் கட்டணச் சேவை) சந்தா இருந்தால் பிஎஸ்4-இலிருந்து கிளவுடில் ஏற்றி பிஎஸ்5-இல் இறக்கலாம். சந்தா இல்லையென்றால் எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த யூஎஸ்பி போதும்: பிஎஸ்4 செட்டிங்ஸில் சேமித்த தரவு மேலாண்மைக்குப் போய் யூஎஸ்பிக்கு நகலெடுங்கள். பிஎஸ்5-இல் பிஎஸ்4 சேமித்த தரவு என்ற தனிப் பிரிவில் யூஎஸ்பியிலிருந்து நகலெடுங்கள். இரண்டிலும் ஒரே கணக்கில் நுழைந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நேரடி மாற்றம். இரண்டு கன்சோலையும் கடைசி அப்டேட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டையும் ஒரே வைஃபையில் இணைத்து, நடுவே ஒரு லேன் கேபிளை நேராகச் செருகுங்கள். வைஃபை மட்டும் என்றால் பெரிய கேம்களுக்கு இரவு முழுக்கப் போகும். பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சிஸ்டம் சாஃப்ட்வேர், டேட்டா டிரான்ஸ்ஃபர். அது கேட்கும்போது பிஎஸ்4-இன் பவர் பொத்தானை ஒரு நொடி, பீப் கேட்கும்வரை அழுத்துங்கள். கூடுதலாக அழுத்தினால் பிஎஸ்4 அணைந்துபோய் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். தொடங்குவதற்கு முன் பிஎஸ்4-இல் டிராபிகளை (கேமில் வென்ற சாதனைச் சின்னங்களை) ஒருமுறை சோனி சர்வரோடு சின்க் செய்துவிடுங்கள்.

இனி முக்கியமானது. பிஎஸ்4 சேவ் பிஎஸ்5-க்குள் வந்துவிட்டால் பிஎஸ்5 பதிப்பு அதைத் தானாகப் படிக்கும் என்று அர்த்தமில்லை. கேமை உருவாக்கியவர்கள் அதற்கு வழி வைத்திருக்க வேண்டும். சில கேம்களில் முதன்மை மெனுவில் பிஎஸ்4 சேவ் கோப்பை ஏற்றும் தேர்வு இருக்கும். சிலவற்றில் பிஎஸ்4 பதிப்பைத் திறந்து அங்கிருந்து ஏற்றிய பிறகே பிஎஸ்5 பதிப்பில் இறக்க முடியும். எல்டன் ரிங்கில் இது ஒருவழிப் பாதை: பிஎஸ்4-லிருந்து பிஎஸ்5-க்குப் போகலாம், திரும்ப வர முடியாது. ஆகவே பிஎஸ்5 பதிப்பில் உங்கள் ஆட்டம் திறந்து, கதாபாத்திரத்தின் நிலையும் பொருள்களும் சரியாக இருக்கின்றன என்று பார்க்கும்வரை பிஎஸ்4-இல் எதையும் அழிக்காதீர்கள்.

பிஎஸ்5 சேவ் கோப்பை யூஎஸ்பியில் தனியாக எடுக்க முடியாது. கிளவுட், இல்லையென்றால் மொத்தக் கன்சோலையும் பேக்கப் எடுப்பது. பிஎஸ்4-இல் இருந்த ஒரு நல்ல வசதி பிஎஸ்5-இல் பறிபோன இடம் இது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

ஜனவரி 18

கூடுதல் இடத்துக்காக பிஎஸ்5-க்குள் எம்.2 எஸ்எஸ்டி (சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டி) போடுவது பற்றிக் கேட்டவருக்கு.

வாங்க வேண்டியது பிசிஐஇ ஜென்4 என்விஎம்இ டிரைவ். ஜென்3 டிரைவை ஏற்காது, எம்.2 வடிவில் வரும் சாட்டா டிரைவையும் ஏற்காது, கடை அட்டையில் "எம்.2" என்று மட்டும் பார்த்து வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கே. சோனி பரிந்துரைக்கும் படிக்கும் வேகம் நொடிக்கு 5,500 எம்பி அல்லது மேல். தனி டிராம் (வேகமான தற்காலிக நினைவகம்) இல்லாமல் கணினியின் நினைவகத்தைக் கடன் வாங்கும் எச்எம்பி வகை டிரைவுகளும் உண்டு. பிஎஸ்5 அந்த வசதியைத் தருவதில்லை, எனவே அவை அட்டையில் போட்ட வேகத்தைக் காட்டாமல் போகலாம். முடிந்தால் டிராம் உள்ளதையே எடுங்கள்.

ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) கட்டாயம். அகலம் 25 மிமீக்குள். மொத்த உயரம் 11.25 மிமீக்குள்: பலகைக்கு மேலே 8 மிமீ, கீழே 2.45 மிமீ. இரண்டு பக்கமும் தகடு சுற்றிய கணினி ஹீட் சிங்குகளில் கீழ்த் தகடுதான் இடிக்கும். மேல் மூடி மூடவில்லையென்றால் அதைப் பாருங்கள், திருகை இறுக்கி அழுத்தாதீர்கள்.

செய்முறை: ரெஸ்ட் மோடில் (அரைத்தூக்க நிலையில்) விடாமல் முழுதாக அணையுங்கள். எல்லாக் கேபிளையும் கழற்றி ஆற விடுங்கள். ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு, மென்துணியின் மேல் படுக்க வையுங்கள். வெளி உறையின் மூலையை லேசாகத் தூக்கி நகர்த்தினால் கழன்று வரும், திருகு கிடையாது. நீள உலோக மூடியின் ஒற்றைத் திருகைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு திருகும் சிறு வளையமும் இருக்கும். வளையத்தை உங்கள் டிரைவின் நீளத்துக்கான குழிக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் 2280, அதாவது 80 மிமீ. வளையத்தை மறந்துவிட்டால் டிரைவ் வளைந்து உட்காரும். டிரைவைச் சாய்வாகச் செருகி, படுக்கவைத்து, திருகி, உலோக மூடியைத் திரும்பப் போடுங்கள். கன்சோலை இயக்கியதும் ஃபார்மட் கேட்கும், முடிந்ததும் படிக்கும் வேகத்தைத் திரையில் காட்டும்.

அந்த டிரைவைக் கழற்றி வேறொரு பிஎஸ்5-இல் போட்டால் மறுபடி ஃபார்மட் ஆகும். கேமைச் சுமந்து போகும் பெட்டியாக அதைப் பயன்படுத்த முடியாது.

ஜனவரி 18, இரவு

எம்.2 வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். பிஎஸ்4 கேம்களை யூஎஸ்பி டிரைவில் இருந்தே பிஎஸ்5-இல் ஆடலாம். 250 ஜிபி முதல் 8 டிபி வரை, நொடிக்கு 5 ஜிகாபிட் யூஎஸ்பி போதும். யூஎஸ்பி எஸ்எஸ்டியில் வைத்தால் பிஎஸ்4 கேம்களின் லோடிங் உள் எஸ்எஸ்டியோடு கிட்டத்தட்ட ஒப்பாக வரும், ஏனென்றால் அந்த கேம்கள் அவ்வளவு வேகத்தைக் கேட்கவே இல்லை. பிஎஸ்5 கேம்களை யூஎஸ்பியில் ஆட முடியாது, ஆனால் பத்திரப்படுத்தி வைக்கலாம். வேண்டும்போது உள்ளே நகர்த்துவது இணையத்தில் மறுபடி இறக்குவதைவிடப் பெரும்பாலும் விரைவு. பழைய கேம் வெளியே, புதிய கேம் உள்ளே என்று பிரித்தாலே 667 ஜிபி நிறைய நாள் தாங்கும்.

டிரைவை இழுத்து எடுப்பதற்கு முன் மென்பொருளில் நிறுத்திவிட்டு எடுங்கள். ரெஸ்ட் மோடில் இருக்கும்போது பிடுங்குவதும் அதே தவறுதான்; அடுத்த முறை "சரிசெய்கிறது" என்று நின்றுகொண்டிருக்கும்.

ஜனவரி 21

இப்போதைக்கு பிஎஸ்4-இலேயே இருக்கப் போகிறேன், அதை எப்படிச் சரியாக வைத்திருப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான முடிவு. இரண்டு வேலை செய்தால் போதும்.

ஒன்று, ஹார்டு டிஸ்கை சாட்டா எஸ்எஸ்டியாக மாற்றுவது. 2.5 அங்குலம், 9.5 மிமீ தடிமனுக்குள், 160 ஜிபிக்கு மேல். அதிக கொள்ளளவு ஹார்டு டிஸ்குகளில் 15 மிமீ தடிமன் உள்ளவை உண்டு, அவை நுழையாது. பேக்கப் எடுங்கள், டிராபிகள் அதில் சேராது என்பதால் முதலில் சின்க் செய்யுங்கள். ஸ்லிம்மில் பின்பக்க மூலையில் உள்ள சிறு மூடியைத் தள்ளினால் கழலும். வட்டம், சதுரம், முக்கோணம், பெருக்கல் குறி பொறித்த ஒரே திருகைக் கழற்றி, தட்டை இழுங்கள். தட்டில் நான்கு திருகு. புதிய டிரைவில் மென்பொருள் இருக்காது. சோனி தளத்தில் இரண்டு கோப்பு கிடைக்கும்: அப்டேட்டுக்கான சிறியது, மறுநிறுவலுக்கான 1 ஜிபி அளவுள்ள பெரியது. பெரியதுதான் வேண்டும். சிறியதை இறக்கினால் கோப்பைக் காணவில்லை என்று கன்சோல் சொல்லிக்கொண்டே இருக்கும். யூஎஸ்பியில் கோப்புறைப் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், தளத்தில் சொன்னபடியே இருக்க வேண்டும். கோப்புப் பெயரின் கடைசியில் பிரவுசர் சேர்க்கும் அடைப்புக்குறி எண் இருந்தாலும் ஏற்காது. பவர் பொத்தானை இரண்டாவது பீப் வரை, சுமார் 7 நொடி, அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட். கன்ட்ரோலரைக் கேபிளில் இணைத்து 7-ஆவது தேர்வைக் கொடுங்கள்.

எவ்வளவு லாபம்? லோடிங் கண்ணுக்குத் தெரியும் அளவு குறையும், மெனு சுறுசுறுப்பாகும். பிஎஸ்5 ஆகிவிடாது: கேம்கள் மெதுவான டிஸ்கை எண்ணிக் கட்டப்பட்டவை, ஏற்றிய தரவை அடுக்கும் வேலையை ஜாகுவார்தான் செய்ய வேண்டும். ஃப்ரேம் எண்ணிக்கை மாறாது.

டிரைவை மாற்றாமலே கன்சோல் மந்தமாக இருந்தால், சேஃப் மோடின் 5-ஆவது தேர்வு, டேட்டாபேஸை மறுபடி கட்டுவது. கேமும் சேவும் அழியாது. பிஎஸ்5-இலும் அதே எண், கேஷைத் துடைக்கும் தேர்வோடு சேர்ந்து இருக்கும். 6, 7 இரண்டும் எல்லாவற்றையும் அழிப்பவை. அவசரத்தில் விரல் தவறக்கூடாத இடம்.

இரண்டு, தூசியும், சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்டும். ஃபேன் இரைச்சல் கேம் தொடங்கிய சில நிமிடத்திலேயே ஏறினால் முதலில் தூசியை எடுங்கள். திருகுகள் நடுவில் முளையுள்ள டார்க்ஸ், மாடலைப் பொறுத்து டி8 அல்லது டி9; நடுவில் துளையுள்ள பிட் வேண்டும். முதல் மாடலில் அவை பின்பக்க ஸ்டிக்கர்களுக்குக் கீழே ஒளிந்திருக்கும். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழலவிட்டால் பேரிங் தேயும். தூசி எடுத்தும் இரைச்சல் போகவில்லை என்றால் சிப்பின் மேலுள்ள பேஸ்ட் காய்ந்திருக்கும். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பவர் சப்ளையைக் கழற்றும்போது அதன் அடியிலிருக்கும் கேபிளையும், பட்டை கேபிள்களையும் இழுத்துவிடாதீர்கள்.

ஜனவரி 22

மேலே எழுதியது பிஎஸ்4-க்கு மட்டும். பிஎஸ்5-இல் பேஸ்ட் மாற்ற முயலாதீர்கள். அதில் சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே திரவ உலோகம் இருக்கிறது. மின்சாரம் கடத்தும், ஒரு துளி பலகையில் பட்டால் கதை முடிந்தது. உறையைக் கழற்றினால் தெரியும் இரண்டு தூசிக் குழிகளை வாக்வம் கிளீனரால் உறிஞ்சினால் போதும், அதற்கென்றே வைத்தவை அவை. இதற்கு ஒரு திருகுகூடக் கழற்ற வேண்டாம்.

ஜனவரி 25

கன்ட்ரோலர், ஹெட்செட், விஆர் (கண்ணில் மாட்டி ஆடும் மெய்நிகர் கருவி). மூன்றும் கலந்து கேள்வி வருகிறது.

பிஎஸ்4 கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4-ஐ பிஎஸ்5-இல் இணைக்கலாம், பிஎஸ்4 கேம்களை மட்டுமே ஆடலாம். பிஎஸ்5 கேமைத் திறந்தால் அதன் சொந்தக் கன்ட்ரோலரான டூயல்சென்ஸ் கேட்கும். இருவர் சேர்ந்து ஆடும் வீட்டில் இரண்டாவது டூயல்சென்ஸ் தேவைப்படும் என்பதை முதலிலேயே கணக்கில் வையுங்கள். பேட்டரி 1,000 எம்ஏஎச்சிலிருந்து 1,560 ஆகியிருக்கிறது, ஆனால் அதிர்வும் டிரிகர் மோட்டாரும் அதில் நிறையத் தின்றுவிடும். டிரிகர் விளைவைக் குறைத்தால் நேரம் நீளும். ஸ்டிக் தானாக நகரும் நோய் இரண்டிலும் உண்டு, இரண்டிலும் தேயும் வகைப் பொட்டென்ஷியோமீட்டர்தான். பின்பக்கச் சிறு துளையில் ஊசியால் 5 நொடி அழுத்தி ரீசெட் செய்து பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள்.

ஆப்டிகல் கேபிளில் ஓடும் ஹெட்செட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: முதல் பிஎஸ்4-இலும் ப்ரோவிலும் ஆப்டிகல் இருந்தது, ஸ்லிம்மில் இல்லை, பிஎஸ்5 எதிலும் இல்லை. டிவியின் ஆப்டிகல் வழியாகவோ, எச்டிஎம்ஐயிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பெட்டி வழியாகவோதான் எடுக்க வேண்டும். பெட்டி வாங்கினால் 4கே 120-ஐயும் விஆர்ஆரையும் கடத்துமா என்று பாருங்கள். பல பெட்டிகள் 4கே 60-இலேயே நின்றுவிடும்.

பழைய பிஎஸ் விஆர் பிஎஸ்5-இல் வேலை செய்யும். பழைய கேமராவுக்கு ஓர் அடாப்டர் தேவை. ஆனால் பழைய விஆர் கேம்கள் பிஎஸ்5-க்கான புதிய பிஎஸ் விஆர்2-இல் ஓடாது. நிறைய விஆர் கேம் வைத்திருப்பவர் பழைய ஹெட்செட்டைக் கைவிட வேண்டாம்.

இணையம் பார்க்க பிஎஸ்4-இல் பிரவுசர் இருந்தது. பிஎஸ்5 முகப்பில் அப்படி ஒரு செயலி இல்லை.

ஜனவரி 29

முதல் குறிப்பில் பிராசசரை முன்னால் வைத்தேன், இரண்டாவதில் எஸ்எஸ்டி கேமின் கட்டுமானத்தையே மாற்றியது என்றேன். எது பெரியது என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். யோசித்துப் பார்த்தால், யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பழைய பிஎஸ்4 டிஸ்குகளை ஆடப் போகிறவருக்குப் பிராசசரே பெரிய லாபம், 60 ஃப்ரேம் அதிலிருந்துதான் வருகிறது. புதிய கேம் மட்டும் ஆடுபவருக்கு எஸ்எஸ்டி. ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் பிஎஸ்4-இலும் வந்தது, அதன் பர்னிங் ஷோர்ஸ் தொடர்ச்சி பிஎஸ்4-க்கு வரவில்லை. சைபர்பங்க் 2077 பிஎஸ்4-இல் எவ்வளவு திணறியது என்பது தெரிந்ததே. 2020 டிசம்பரில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்து, 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. அதன் ஃபாண்டம் லிபர்ட்டி பிஎஸ்4-க்கு வரவே இல்லை.

பிஎஸ்5 ப்ரோ? கிராஃபிக்ஸ் 16.7 டெராஃப்ளாப்ஸ், 2 டிபி, ஆனால் பிராசசர் அதே ஜென் 2, கொஞ்சம் கூடுதல் வேகம். பிஎஸ்4 ப்ரோ கதையின் அதே அமைப்பு. 1080பி டிவிக்கு அது தேவையில்லை, சாதாரண பிஎஸ்5 போதும்.

சாதாரண பிஎஸ்5-ஐ 1080பி டிவியில் மாட்டியதும் செய்ய வேண்டியது ஒன்றே: செட்டிங்ஸில் கேம் பிரீசெட்டில் "பெர்ஃபாமன்ஸ் மோட்" தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாததால் 30 ஃப்ரேம் தர மோடிலேயே கேமைத் திறந்துவிட்டு "வித்தியாசமே இல்லை" என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. சில கேம்கள் இந்தப் பொதுத் தேர்வை மதிப்பதில்லை, கேமின் உள்மெனுவிலும் ஒருமுறை பாருங்கள்.

பிற்பாடு 4கே 120 ஹெர்ட்ஸ் டிவி வாங்கினால், பெட்டியில் வந்த எச்டிஎம்ஐ கேபிளையே பயன்படுத்துங்கள்; பிஎஸ்4-இன் பழைய கேபிள் அதைத் தாங்காது. பல டிவிகளில் எல்லாப் போர்ட்டும் இதற்குத் தேவையான எச்டிஎம்ஐ 2.1 இல்லை, ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்தப் போர்ட்டுக்கு டிவி மெனுவில் மேம்பட்ட சிக்னல் தேர்வைத் தனியாக இயக்கவும் வேண்டும்.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவர் டிஸ்க் டிரைவ் உள்ள மாடலை எடுக்க முடிவு செய்திருக்கிறார். பழைய ஸ்லிம்மை என்ன செய்வது என்பது மிச்சம்.

வைத்துக்கொள்வதென்றால், இன்னொரு அறை டிவியில் மாட்டி "பிஎஸ்5 ரிமோட் ப்ளே" செயலியைத் திறங்கள். பிஎஸ்5-இல் ஓடும் கேமை வீட்டு வலையமைப்பு வழியாக அங்கே ஆடலாம். இரண்டும் லேன் கேபிளில் இருந்தால் நன்றாக இருக்கும். பிஎஸ்5-ஆவது கேபிளில் இருக்கட்டும். ஒரே கணக்கில் பிஎஸ்4-ஐ முதன்மைக் கன்சோலாகவும், பிஎஸ்5-இல் கன்சோல் பகிர்வையும் ஒரே நேரத்தில் இயக்கி வைக்கலாம். ஒன்று மற்றொன்றை அணைக்காது. வீட்டில் மற்றவர்கள் பிஎஸ்4-இல் உங்கள் டிஜிட்டல் கேம்களைத் தொடர்ந்து ஆடலாம்.

கொடுப்பதென்றால் வரிசை மாறக்கூடாது: சேவும் ஸ்கிரீன்ஷாட்டும் வெளியே எடுத்தாயிற்றா என்று பாருங்கள், டிராபி சின்க் செய்யுங்கள், கணக்கு மேலாண்மையில் முதன்மைக் கன்சோல் நிலையை அணையுங்கள், அதன் பிறகே இனிஷியலைசேஷனில் (எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் தேர்வில்) "ஃபுல்" கொடுங்கள். "க்விக்" கொடுத்தால் தரவை மீட்டெடுக்கும் வாய்ப்பு மிச்சமிருக்கும். ஹார்டு டிஸ்க் அளவுக்கேற்ப பல மணி நேரம் ஓடும், நடுவில் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். உள்ளே எஸ்எஸ்டி மாற்றியிருந்தால் பழைய ஹார்டு டிஸ்கைத் திரும்பப் போட்டு, மென்பொருளை மறுநிறுவி, அதன் பிறகு கொடுங்கள். எஸ்எஸ்டி 250 ஜிபியோ அதற்கு மேலோ இருந்தால், அதை ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு பிஎஸ்5-இல் பிஎஸ்4 கேம்களுக்கான வெளி டிரைவாக வைத்துக்கொள்ளலாம்.